கடல்நுரைத் தூளும் ராக்காயியின் கட்டைவிரலும்

ராக்காயி. தகப்பன் பெயர் பழனியப்பன். பிறந்த இடம் கோப்பெங்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டம். பிறந்த ஆண்டு 1941 என்று கொள்ளப்படுகிறது. ஜப்பான்காரன் வருவதற்குச் சில மாதங்கள் முந்தி என்று தாய் சொல்லிவந்ததே அதற்கு ஆதாரம். பிறப்புப் பத்திரம் இல்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பதியாமல் விட்டாரா, பதிந்த ஏடு போர்க்காலத்தில் அழிந்ததா என்பது தெரியவில்லை. 1959இல் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டிய சன்னாசியை மணந்தார். 1960இல் சன்னாசிக்கு நீல அடையாள அட்டையும் ராக்காயிக்குச் சிவப்பு அடையாள அட்டையும் கொடுக்கப்பட்டன. நீலம் குடிமக்களுக்கு, சிவப்பு மற்றவர்களுக்கு. 1971இல் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. சிவப்பு அட்டைக்காரர்கள் முதலில் நிறுத்தப்பட்டார்கள். 1972இல் குடும்பம் ஈப்போவுக்கு வந்து, லகாட் சாலையோரம் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தது. மகள் ஒருத்தி, வீரம்மா. 1974இல் ராக்காயி குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்.

இவ்வளவும் தாளில் இருப்பவை, அல்லது தாளில் இருப்பவற்றோடு முரண்படாதவை. இனி வருபவை அவரும் அவரோடு வாழ்ந்தவர்களும் சொல்லக் கேட்டவை. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்த இடங்களில், ராக்காயி சொன்னதே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

ஈப்போவில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை துணி துவைப்பது. வீடு கார்த்திகேசுவினுடையது. யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். ஓர் ஈயச்சுரங்கக் கம்பெனியில் அவர் வரைபடக்காரர். அவர் மனைவி கௌரி, பள்ளிப் பருவத்தில் ஒரு கன்னியாஸ்திரியிடம் பழகிய கைவேலை ஒன்றை வைத்துத் திருமண அழைப்பிதழ்கள் செய்து கொடுத்துவந்தார். வரைபடம் படியெடுக்கிற, கண்ணாடி போல மறுபக்கம் தெரிகிற தாள்தான் அதற்கு முதல். சித்திரத்தைக் கீழே வைத்து, தாளை மேலே விரித்து, வெள்ளை மையால் கோடு இழுக்க வேண்டும். மை காய்ந்ததும் தாளைக் குப்புறத் திருப்பி, மெத்தென்ற ரப்பர் துண்டின் மேல் கிடத்தி, முனை உருண்ட கம்பியால் பின்பக்கமிருந்து தேய்க்க வேண்டும். தேய்த்த இடம் முன்பக்கம் புடைத்து எழும்பும். எழும்பும்போதே நிறம் மாறும். முதலில் புகை படிந்ததுபோல் இருக்கும், பிறகு சாம்பல் தட்டும், பிறகு பாலாய் வெளுக்கும். மாவிலை, மயில், குத்துவிளக்கு எல்லாம் அப்படித்தான் தாளுக்குள்ளிருந்து வெளியே வந்தன. ஒரு தேய்ப்பு கூடினால் கிழிந்துவிடும். அழிக்கவும் முடியாது, ஒட்டவும் முடியாது.

ஒரு பிற்பகல் கௌரியின் கையில் மயில் ஒன்று கழுத்தோடு கிழிந்தது. கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ராக்காயி அதைச் சன்னல் வழியாகப் பார்த்தார்.

“பால்மரம் வெட்டுற மாதிரிதானேம்மா இது. ஆழமாப் போனா மரத்துல காயம். மேலாப்புல போனா பால் வராது.”

கௌரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப நீரே வந்து வெட்டிப் பாரும்” என்று கம்பியை நீட்டினார்.

ராக்காயியின் முதல் தாள் கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது. “மரம் செத்துப்போச்சும்மா” என்று எழுந்துகொண்டார். ஆனால் மறுநாள் துணியைச் சீக்கிரம் துவைத்துவிட்டு வந்து நின்றார். அந்த ஆண்டுத் தீபாவளிக்குள் துணி துவைக்க வேறொருத்தி வந்தாள். ராக்காயி மேசைக்கு மாறினார். இரவில் பலகை வீட்டிலும் உட்கார்ந்து செய்யத் தாள், மை, கம்பி எல்லாவற்றையும் கௌரி கொடுத்தனுப்பினார். வீட்டில் அதற்கு வெள்ளைப்பூ வேலை என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வேலையில் சித்திரம் தொடங்குமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. இந்தத் தாளுக்கு எண்ணெயும் வியர்வையும் ஆகாது. கை பட்ட இடத்தில் மை பிடிக்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். அதனால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையை, அதாவது கணவாய் மீனின் ஓட்டை, மாவாக இடித்து, மெல்லிய துணியில் சலித்து, தாளின் மேல் தூவித் தேய்ப்பார்கள். கௌரி பஞ்சால் தேய்ப்பார். பஞ்சின் இழை தாளில் ஒட்டிக்கொண்டு பேனா முனையைப் பிடித்து இழுப்பது ராக்காயிக்குப் பிடிக்கவில்லை. எந்த இடத்தில் பிசுக்கு இருக்கிறது என்று பஞ்சுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும் என்பார். ஆகவே வலது கட்டைவிரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். அது வலித்தால் இடது கட்டைவிரலால். அதுவும் வலித்தால் மற்ற விரல்களால். எட்டு ஆண்டுகள் அப்படியே நடந்தது.

1979இல் குடியுரிமைக்காகத் தேசிய மொழியில் பேச்சுத் தேர்வு வைத்தார்கள். பாசாரில், அதாவது சந்தையில், பழகிய மலாயில் பதில் சொல்லித் தேறினார். 1981 செப்டம்பர் 15ஆம் நாள், கைரேகை பதிய வரச் சொல்லி அழைத்திருந்தார்கள். சன்னாசி வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனார். நகராண்மைக் கழகத்தில் கால்வாய் துப்புரவு வேலை அவருக்கு. அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

அதிகாரி இளைஞர், மலாய்க்காரர், மரியாதையாகத்தான் பேசினார். ராக்காயியின் கட்டைவிரலைப் பிடித்து மை தடவிய தகட்டில் உருட்டி, அட்டையில் உருட்டினார். கருப்பாக ஒரு நீள்வட்டம் விழுந்தது. அவ்வளவுதான். விரலைத் துடைத்துவிட்டு மறுபடி உருட்டினார். மறுபடியும் அதே நீள்வட்டம், உள்ளே ஒரு கோடும் இல்லாமல். விரலைத் திருப்பித் தம் முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“கெர்ஜா அப்பா, மக்சிக்?” என்ன வேலை அம்மா என்று கேட்டார்.

“கெர்தாஸ், துவான். கெர்தாஸ் கெர்ஜா.” தாள் வேலை ஐயா என்று சொன்னார் ராக்காயி. தாள் வேலையில் ரேகை எப்படிப் போகும் என்பதை விளக்க அவருடைய மலாய் போதவில்லை.

அதிகாரி உள்ளே போய்ப் பெரியவரைக் கலந்துகொண்டு வந்தார். அவர் சொன்னது இதுதான்: 1960இல் சிவப்பு அட்டை வாங்கிய ராக்காயியின் ரேகை கோப்பில் இருக்கிறது. இப்போது வந்திருப்பவர் அதே ராக்காயிதானா என்று ஒத்துப்பார்க்க முடியவில்லை. சனவரியில் மறுபடி வர வேண்டும். அப்போது கட்டைவிரல் மட்டுமல்ல, பத்து விரலும் பதியப்படும். அப்போதும் தெளியாவிட்டால் கோப்பு கோலாலம்பூருக்கு விசாரணைக்குப் போகும்.

ராக்காயிக்கு மற்றச் சொற்கள் எல்லாம் கலங்கிப்போயின. அதே ராக்காயிதானா என்பது மட்டும் தெளிவாக நின்றது. அவருக்கு மாயாண்டியின் நினைவு வந்தது. அதே தோட்டத்துக்காரர். இறந்துபோன அண்ணனின் அட்டையை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் வேலை செய்தவர். அது வெளியே வந்ததும் கூப்பிட்டு விசாரித்தார்கள். மறு ஆண்டு பினாங்கில் கப்பலேறித் தாய்தகப்பன் ஊருக்குப் போனார். போன ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது; அதன்பின் வரவில்லை. ராக்காயி அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. தன்னை அனுப்பினால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்றுதான் பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் சொன்னார்.

பஸ்ஸில் சன்னாசி தன் பாணியில் தேற்றினார்.

“ஒரு வகையில நல்லதுதான்லா. நீ பேங்குல கொள்ளையடிச்சாலும் ஒரு பய கண்டுபிடிக்க முடியாது.”

“வாயை மூடிக்கிட்டு வாங்க.”

“இல்ல புள்ள, வருமானத்துக்குச் சொல்றேன்.”

ராக்காயி சிரிக்கவில்லை. தன் கட்டைவிரலைச் சுட்டுவிரல் மேல் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வழுக்கிற்று. முன்பெல்லாம் அந்த வழுக்கல் அவருக்குப் பெருமையாக இருந்ததுண்டு. தாளில் ஒரு கீறலும் விழாமல் ஓடுகிற விரல். இப்போது அது வேறு யாருடைய விரலோ போல இருந்தது.

அன்றே தூளை நிறுத்தினார். தூள் மட்டுமல்ல. சவர்க்காரம் ஆகாது என்றார். சாம்பல் போட்டுச் சட்டி தேய்ப்பது ஆகாது என்றார். மிளகாய் அரைப்பது, தேங்காய் துருவுவது எல்லாம் ஆகாது. சன்னாசி குழாயடியில் குந்திச் சட்டி கழுவத் தொடங்கினார். பக்கத்து வீட்டு அர்ச்சுனன் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

“என்னா மச்சான், நீ கழுவுற? வீட்டுல விசேஷமா?”

“ஆமாலா. கட்டைவிரலு முழுகாம இருக்கு.”

குழாயடியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வீட்டுக்குள் ராக்காயியும் சிரித்துவிட்டார். செப்டம்பருக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்பது வீரம்மா சொல்வது.

கௌரிக்குக் கையில் புண் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தன்னுடையது சிவப்பு அட்டை என்பதை அந்த வீட்டில் அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. சொன்னால் வேலை போகும் என்று பயம். பொய் சொன்னதும் ஒரு பயமாகச் சேர்ந்துகொண்டது.

சன்னாசி ஒரு முத்திரை மைப்பெட்டி வாங்கிவந்து வைத்தார். காலையில் மகளும் கணவரும் வேலைக்குப் போனபின், ராக்காயி மிஞ்சிக் கிடந்த தாள் துண்டுகளில் விரலைப் பதித்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அக்டோபர் முழுவதும் கருப்பு நீள்வட்டம்தான். விரலை மேலும் அழுத்திப் பார்ப்பார், மெதுவாக ஒற்றிப் பார்ப்பார், துடைத்துவிட்டு மறுபடி. அடிக்கடி துடைத்தாலும் தேயுமோ என்று ஒருநாள் தோன்றிற்று. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார். மற்ற நாட்களில் கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சும்மா இருக்கத் தெரியாத பெண் அவர். அந்தக் கைகளை என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

நவம்பர் நடுவில் கௌரி காரில் வந்து இறங்கினார். சேற்றில் செருப்பு புதையப் புதைய நடந்து, பலகை வீட்டு வாசலில் நின்றார்.

“ராக்காயி, உமக்கு என்னில ஏதும் கோபமே? கூலி காணாதெண்டால் சொல்லும்.”

“கோவம் என்னாங்கம்மா. உள்ள வாங்க.”

“இருக்க நேரமில்லை. ஸ்கந்தராஜா டொக்டர் வீட்டுக் கலியாணம். தை மாதம். நூற்றைம்பது அழைப்பிதழ். நான் ஓமெண்டு வாக்குக் குடுத்திட்டன், உம்மை நம்பி.” பிறகுதான் கேட்டார்: “எங்க, புண்ணைக் காட்டும் பாப்பம்.”

ராக்காயி கையை நீட்டினார். கௌரி அதைத் தன் இரு கைகளிலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணி துவைக்காத, சட்டி தேய்க்காத, இரண்டு மாதம் எண்ணெய் பூசிக் காத்த கை.

“புண் எங்க?”

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். சிவப்பு அட்டை, நீள்வட்டம், பத்து விரல், சனவரி. கௌரி வாசல் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

“எட்டு வருசமா என்ர வீட்டு மேசையில இருந்தனீர். ஒரு சொல் சொல்லேல்லையே.”

“சொன்னா என்னா செய்வீங்களோன்னு பயம்மா.”

“நான் என்ன செய்வன்?” என்றார் கௌரி. பிறகு, வந்த காரியத்துக்குத் திரும்பினார். “சரி. இப்பிடிச் செய்வம். தூளை நான் பூசுறன், பஞ்சாலயே. கோட்டையும் நான் போடுறன். நீர் பின்பக்கம் தேய்ச்சால் போதும். கம்பிதானே தாளில படும், விரல் படாதே.”

நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததால்தான் ராக்காயிக்கு மறுக்க வரவில்லை. காரில் தாளும் கம்பியும் இருந்தன. பலகை மேசையில் ரப்பர் துண்டை வைத்து, கோடு போட்டு முடித்திருந்த மயில் ஒன்றைக் குப்புறக் கிடத்தினார்கள். ராக்காயி கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு கம்பியை எடுத்தார். இரண்டாவது இறகில் தாள் கிழிந்தது. துணியை அவிழ்த்துவிட்டு இன்னொரு தாளை எடுத்தார். இப்போது கை ஓடிற்று. கழுத்து வளைந்து எழும்பிற்று, கொண்டை வெளுத்தது. கௌரி மூச்சு விட்டார்.

ராக்காயி நிறுத்தினார். தன் வலது கை கம்பியைத் தள்ளத் தள்ள, இடது கட்டைவிரல் தாளின் அடியில் புகுந்து, புடைப்பு எவ்வளவு எழுந்தது என்று தடவிக்கொண்டே கூட வந்திருந்தது. அவர் அதை அனுப்பவில்லை, அதுவாகப் போயிருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தார். நுனியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

கம்பியை மேசையில் வைத்தார்.

“முடியாதும்மா.”

“என்ன முடியாது? இவ்வளவு வடிவா வருது.”

“என் கை என் பேச்சக் கேக்காதும்மா. தாள் கெடைச்சா தடவத்தான் செய்யும்.”

“ஒரு கிழமைதான் ராக்காயி. ஒரு கிழமையில ரேகை எங்க ஓடிப்போகும்? நீர் சும்மா பயப்படுறீர்.”

“உங்களுக்கு நீலம்மா” என்றார் ராக்காயி.

அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. கௌரியின் முகம் சிவந்தது. தாள்களை அடுக்கினார், அடுக்கிய வேகத்தில் ஒன்று மடங்கியது. வாசலில் நின்று, “வாக்குக் குடுத்தது நான்தான், உம்மில பிழையில்லை” என்றார். குரலில் பிழை இருந்தது. கார் சேற்றில் திணறிப் போயிற்று. ஸ்கந்தராஜா வீட்டுத் திருமணத்துக்கு அச்சடித்த சாதாரண அழைப்பிதழ்தான் போனது என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

ராக்காயி அன்று சன்னாசியிடம் இதைச் சொன்னபோது அவர் நியாயம் பேசவில்லை. “அந்தம்மா காடி சேத்துல மாட்டலியே, அதுவரைக்கும் சரி” என்றார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, தாள் துண்டில் ஓரமாகச் சில கோடுகள் தெரிந்தன. சன்னாசி அதைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினார். பால்மரத்துப் பட்டையில் வெட்டிய கோடுகள்போலச் சரிந்து சரிந்து ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. டிசம்பரில் கோடுகள் நடுவுக்கு வந்தன. சுழி ஒன்று உருவாகத் தொடங்கிற்று. வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள், ராக்காயியைத் தவிர. அவருடைய பயம் அப்போதுதான் பெரிதாயிற்று.

“ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சன்னாசி சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது. “வெட்டுன மரத்துல பட்டை மறுபடி வளருது. பழைய பட்டையாவா வளருது?”

சன்னாசி சட்டியைக் கீழே வைத்தார். இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். வெட்டிய பட்டை ஆறேழு ஆண்டில் மூடிக்கொள்ளும். ஆனால் அது புதுப்பட்டை. முண்டும் முடிச்சுமாக இருக்கும். கத்தியை வைத்ததுமே இது கன்னிப்பட்டை அல்ல என்று கைக்குத் தெரிந்துவிடும். எந்த மரமும் முதல் பட்டையைத் திரும்பப் போட்டதை இருவரும் கண்டதில்லை.

“கோடு வருது. சரி. 1960ல வச்ச கோடுதான் வருதா? வேற கோடு வந்தா நான் வேற ஆளாயிர மாட்டேனா? ஒண்ணுமே இல்லாம இருந்தாலாவது தேஞ்சுபோச்சுன்னு சொல்லலாம். வேற கோட்டோட போய் நின்னா, இவ அவ இல்லன்னு எழுதிருவாங்கல்ல?”

எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கை வைத்திருக்கும் சன்னாசி, கழுவிய சட்டியையே மறுபடி கழுவினார். அவருக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. மனிதத் தோலுக்கு அந்தக் கணக்கு இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை. யாரையாவது கேட்டிருக்கலாம், ஒரு டாக்டரை, ஏன், கார்த்திகேசுவையே கேட்டிருக்கலாம். கேட்டால் சந்தேகத்தை நாமே கிளப்பியதாகும் என்று ராக்காயி தடுத்துவிட்டார். அந்த டிசம்பரில் கோடு தெளியத் தெளிய அவர் இளைத்துக்கொண்டே போனார். மறுபடி தூளை எடுத்துத் தேய்த்துவிடலாமா, தேய்ந்த விரலோடு போவதே மேல் அல்லவா என்றுகூட ஒருநாள் டப்பாவைத் திறந்திருக்கிறார். வீரம்மா அதைப் பிடுங்கிக் கால்வாயில் கொட்டினாள்.

“பைத்தியமாம்மா ஒனக்கு? வேற கோடுன்னா வேற கோடு. போய் நில்லு, பாப்போம்லா.”

“நீ இங்க பொறந்ததுக்குப் பத்திரம் இருக்குடி. பேசுவே.”

1982 சனவரியில் போனார்கள். இந்த முறை வயதான அதிகாரி ஒருவர் இருந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பத்து விரலையும் ஒவ்வொன்றாக உருட்டினார். கோப்பைத் திறந்து ஒரு மங்கிய அட்டையை எடுத்தார். அதில் மூலையில் ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணினுடையது. ராக்காயிக்கு அந்த நாள் நினைவு வந்தது: தோட்டத்தில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் வரிசை, விரலில் மை, கூட இருந்தவர்களின் கேலி. அந்தப் பெண் எதற்கும் பயப்படவில்லை என்பதும் நினைவு வந்தது.

அதிகாரி கையடக்கப் பூதக்கண்ணாடியை அட்டைமேல் வைத்தார். பிறகு புதிய தடத்தின்மேல் வைத்தார். மறுபடி பழையதற்குப் போனார். பென்சில் முனையால் எதையோ எண்ணினார். நடுவில் தொலைபேசி ஒலித்தது, எடுத்துப் பேசினார், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது. வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ராக்காயி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். முறுக்கினால் விரல் தேயும் என்று சன்னாசி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“சாமா” என்றார் அதிகாரி.

இரண்டும் ஒன்று என்று பொருள். மலாயில் அந்தச் சொல்லைத் தினமும் பாசாரில் கேட்டுப் பழகியவர்தான் ராக்காயி. ஆனாலும் நம்பவில்லை.

“சாமா, துவான்?”

“சாமா, மக்சிக். சாமா.” இடது கட்டைவிரலில் இன்னும் தெளிவு போதாது என்றார். ஆனாலும் அனுப்பலாம். கோப்பு கோலாலம்பூருக்குப் போகும், அங்கே ஐயம் வந்தால் மறுபடி கூப்பிடுவார்கள், எப்போது என்று சொல்ல முடியாது, விரல்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் சன்னாசி வாசல்படியிலேயே உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். “முடிஞ்சுது. நாளைக்கே அந்தம்மா வீட்டுக்குப் போலாம். தாள் கேக்கலாம்.”

“மறுபடி கூப்புடுவாங்கன்னு சொன்னாங்கல்ல?”

“கூப்புட்டா பாத்துக்குவோம்.”

“கூப்புடுற அன்னிக்கு ரேகை இருக்கணுமே.”

சன்னாசி அவரைப் பார்த்தார். பார்த்தபோதே இது ஒரு மாதம், இரண்டு மாதத்தில் முடிகிற காரியமல்ல என்று தெரிந்துகொண்டதாகச் சொல்லியிருக்கிறார்.

அப்படியே ஆயிற்று. வேலைக்குப் போகும் அண்டை வீட்டுப் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ராக்காயி எடுத்துக்கொண்டார். குழந்தையின் தோலில் விரல் தேயாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். வெள்ளிக்கிழமைதோறும் விரலைப் பதித்துப் பார்ப்பதை விடவில்லை. தபால்காரன் சைக்கிள் மணி கேட்டால் கையில் குழந்தையோடு வாசலுக்கு வருவார். அவன் தாண்டிப் போனதும் உள்ளே போவார். 1984இல் கார்த்திகேசுவே நேரில் வந்து, கௌரி கேட்டுவரச் சொன்னதாகச் சொன்னார். ராக்காயி தேநீர் கொடுத்தார், முடியாது என்றார். 1985இல் ஈயத்தின் விலை விழுந்து சுரங்கங்கள் மூடப்பட்டு, கார்த்திகேசுவின் வேலையும் போன பிறகு அந்த வீடு கௌரியின் அழைப்பிதழ்களை நம்பித்தான் இருந்தது. அதைக் கேள்விப்பட்ட நாளில் ராக்காயி சாப்பிடவில்லை. போகவும் இல்லை.

கோலாலம்பூரிலிருந்து ஒருமுறையும் கூப்பிடவில்லை. அவர் பொறுத்திருந்தது வீண் என்று வீரம்மா சொல்வதுண்டு. அட்டை கைக்கு வந்தபின் யாரும் அப்படிச் சொல்லலாம். வருமுன் சொல்லியிருக்க முடியுமா என்பது கேள்வி. சன்னாசி அவளை ஒருநாளும் ஆமோதித்ததில்லை.

1986 ஆகஸ்ட் 20ஆம் நாள் நீல அட்டை கொடுக்கப்பட்டது. ராக்காயி முகப்படத்தைப் பார்க்கவில்லை. அட்டையைத் திருப்பி, பின்பக்கத்து இரண்டு தடங்களைத்தான் பார்த்தார். பஸ் நிலையத்தில் சன்னாசி வீட்டுப் பஸ்ஸுக்கு நடக்க, அவர் கௌரி வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

கதவைத் திறந்த கௌரிக்கு முடி நரைத்திருந்தது.

“நீலமே?” என்றார் கௌரி.

“நீலம்மா.”

“இவ்வளவு நாள் ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம். வேலை செய்யத்தானே ஏலாது. கதைக்க ஏலாதே?”

“உங்க மேசையப் பாத்தா கை நிக்காதும்மா. அதான் வரல.”

கௌரி வழிவிட்டார். மேசையில் கோடு போட்ட குத்துவிளக்குகள் கிடந்தன. யாரோ புதிதாகப் பழகுகிற பெண்ணின் கைவேலை. சில இடங்களில் மை உருண்டு ஓடியிருந்தது. ராக்காயி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

தூளை நிறுத்திய நாளிலிருந்து அன்று வரை: நான்கு ஆண்டுகள், பதினொரு மாதங்கள்.